காக எச்சம் பொனட்டில் பதிந்துவிட்டது: கட் அண்ட் பொலிஷ் செய்யத்தான் வேண்டுமா?

கருநீல_அக்வா:

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரீன் டிரைவுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை இல்லை. மதிலோரம் ஒரு வேப்பமரம், அதற்கு மேலே மின்கம்பி. காலையிலும் மாலையிலும் காகங்கள் அங்கேதான் கூடும்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக மட்டக்களப்புக்கு ரயிலில் போனோம். நான்கு நாள் கார் வெயிலிலேயே நின்றது. வந்து பார்த்தால் பொனட்டில் ஐந்து இடத்தில் எச்சம், கூரையில் இரண்டு. எல்லாம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தன. அன்றிரவே கழுவினேன். கூரையில் இருந்தவை சுத்தமாகப் போய்விட்டன. பொனட்டில் மூன்று இடத்தில் அச்சு அப்படியே நிற்கிறது. நேரே நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், ஓரம் நெளிந்த மங்கலான வட்டங்கள்.

இரண்டு இடத்தில் காட்டினேன். ஒரு இடத்தில் முழு காருக்கும் கட் அண்ட் பொலிஷ் செய்ய வேண்டும், 28,000 ரூபா என்றார்கள். மற்ற இடத்தில் பொலிஷ் செய்து பிரயோசனமில்லை, பொனட்டை முழுதாக பெயின்ட் அடிப்பதுதான் வழி என்றார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே அடையாளத்தைத்தான். அதனால்தான் குழம்பிப்போய் இங்கே கேட்கிறேன்.

கார் 2014 டொயோட்டா அக்வா, கருநீலம். அப்பா வாங்கியது. இன்றுவரை ஒரு பக்கமும் பெயின்ட் பட்டதில்லை, எல்லாமே ஃபக்டரி பெயின்ட். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது இந்தக் காரை இனி கண்ணைப்போல வைத்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். 2025இல் மறுபடி திறந்துவிட்டார்கள்தான், ஆனால் இன்றைய விலையில் எங்களால் இன்னொன்று வாங்க முடியாது. அந்தப் பெயின்டைத் தொடாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

பஞ்சிகாவத்தை_நானா:

தம்பி, முதலில் அவசரப்படாதீர்கள். நான் 20 வருடத்துக்கு மேலாக பெயின்ட் வேலை செய்கிறவன். படத்தைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பொனட்டை முழுதாக பெயின்ட் அடிக்கும் அளவுக்கு இது போகவில்லை.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஃபக்டரியில் இருந்து வரும் காரில் தகட்டுக்கு மேலே இருக்கும் மொத்தப் பூச்சும் சுமார் 100 முதல் 130 மைக்ரோன்தான். ஜப்பான் கார்களில் அதைவிடக் குறைவாகவும் அளந்திருக்கிறேன். அதில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் மட்டும் 40, 50 மைக்ரோன். ஒரு தலைமுடியின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன் என்றால் யோசித்துப் பாருங்கள். நிறத்தை வெயிலில் இருந்து காப்பாற்றும் சரக்கும் அந்த கிளியருக்குள்தான் இருக்கிறது. கட் அண்ட் பொலிஷ் என்பது அந்த கிளியரைத் தேய்த்து எடுப்பது. மெஷினால் ஒருமுறை நன்றாக கட் பண்ணினால் சில மைக்ரோன் போய்விடும். போனது திரும்ப வராது. ஒரு பொனட்டில் மூன்று புள்ளிக்காக முழு காரையும் தேய்ப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நகத்தின் பின்பக்கத்தால் அந்த இடத்தை மெதுவாகத் தடவுங்கள். நகம் தட்டுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? கிளியரில் வெடிப்பு, வெள்ளை பூத்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? இதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

கெமிஸ்ட்ரி_ரீச்சர்:

பம்பலப்பிட்டியில் இருக்கிறேன், இரசாயனவியல் கற்பிக்கிறேன். எங்கள் வீட்டுக் காரும் இதே துன்பத்தில் இருப்பதால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

பறவைக்குத் தனியாக சிறுநீர் என்று ஒன்று வெளியேறுவதில்லை. நைதரசன் கழிவை அது யூரிக் அமிலமாக மாற்றி, பசை மாதிரி மலத்தோடு சேர்த்தே விடுகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பகுதி அதுதான். எச்சத்தின் பீஎச் 3.5 முதல் 4.5 வரை என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த அளவு அமிலம் சில நிமிடத்தில் கிளியரைத் தின்றுவிடாது. ஆனால் யூரிக் அமிலம் நீரில் மிகக் குறைவாகவே கரையும். மழை பெய்தால் கழுவிவிடும் என்று விட்டுவிடுகிறோமே, அது நடக்காததற்குக் காரணம் இதுதான். கறுப்புப் பகுதி போய்விடும், வெள்ளை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணம் வெப்பம். ஆட்டோகிளிம் என்ற பிரித்தானியக் கார் பராமரிப்பு நிறுவனம் இதை ஆராய்ந்து, அமிலத்தைவிட முக்கியமான காரணம் வேறு என்று சொன்னது. வெயிலில் கிளியர் சூடாகி இளகி விரிகிறது. அதே வெயிலில் எச்சம் காய்ந்து இறுகுகிறது. இரவில் கிளியர் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிய எச்சத்தின் கரடுமுரடைச் சுற்றிப் படிந்து அதன் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது. மெழுகில் முத்திரை குத்துவது போல. அந்த இடம் ஒளியை ஒழுங்காகத் திருப்பாததால் நமக்கு மங்கலாகத் தெரிகிறது. விதை தின்னும் பறவையின் எச்சம் மணல் மணலாக இருப்பதால் அது அதிகம் அச்சுப் பதிக்கும் என்றும் சொன்னார்கள்.

கொழும்பு வெயிலில் கறுப்பு, கருநீலப் பொனட்டில் கை வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு பகல், நான்கு இரவு என்றால் அந்த முத்திரை நான்கு தடவை குத்தப்பட்டிருக்கிறது. கூரையில் இருந்தவை ஏன் போயின என்று கேட்டால், அவை கடைசி நாளில் விழுந்தவையாக இருக்கலாம்.

பேரவாவி_சாரதி:

ரீச்சர் சொன்னதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். கொம்பனித்தெருவில் ஓர் அலுவலகத்துக்கு வாகனம் ஓட்டுகிறேன். பேர வாவிப் பக்கம் நிறுத்தினால் காகத்தை மறந்துவிடுவீர்கள். அங்கே கூழைக்கடாவும் நீர்க்காகமும். மரத்திலிருந்து கூழைக்கடா எச்சமிட்டால் அது ஒரு கரண்டி சுண்ணாம்பை அள்ளி ஊற்றியது போல இருக்கும், கண்ணாடியில் இருந்து பொனட் வரை வழியும். மீன் தின்னும் பறவை என்பதால் நாற்றமும் தாங்க முடியாது.

அவ்வளவு விழுந்தும் எங்கள் வாகனத்தில் இதுவரை அடையாளம் இல்லை. நான் செய்வது இதுதான். பின் சீட் பையில் ஒரு ஸ்பிரே போத்தல், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, டிஷ்யூ ஒரு பக்கெட். எச்சத்தைப் பார்த்தவுடன் வண்டியை நிழலுக்கு எடுப்பேன். டிஷ்யூவை நனைத்து அதன்மேல் போர்த்தி, மேலேயும் நன்றாக நனைத்து பத்து நிமிடம் விடுவேன். ஊறியதும் டிஷ்யூவோடு சேர்த்து மேல்நோக்கி எடுப்பேன். தேய்க்கவே மாட்டேன். மிச்சம் இருந்தால் மறுபடி ஒரு டிஷ்யூ, மறுபடி பத்து நிமிடம். கடைசியில்தான் துணி. ஒருமுறை எச்சம் பட்ட துணிப் பக்கத்தை மறுபடி பெயின்டில் வைப்பதில்லை.

கையில் அகப்பட்ட பழைய பெனியனால் வறட்டுத் தேய்ப்பு தேய்க்கிறவர்களைத் தரிப்பிடத்தில் பார்க்கும்போது மனம் பதறும். உள்ளே விதை, மணல், சிப்பித் துண்டு எல்லாம் இருக்கும். எச்சம் செய்வதைவிட அந்தத் தேய்ப்புச் செய்யும் கீறல்தான் பெரிய சேதம்.

கருநீல_அக்வா:

எல்லோருக்கும் நன்றி. நானா, நேற்றிரவு டோர்ச் பிடித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒன்றும் தட்டவில்லை. பெரியதில் மட்டும் ஓரத்தில் மிக இலேசாக உணர முடிகிறது. வெடிப்பு இல்லை, வெள்ளை பூக்கவும் இல்லை.

சோடாத் தண்ணீர் ஊற்றினால் எச்சம் கரையும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அப்பச்சோடா என்கிறார். எது சரி?

கெமிஸ்ட்ரி_ரீச்சர்:

இரண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. போத்தலில் வரும் சோடா, காபனீரொட்சைட்டு கரைந்த தண்ணீர். அதுவே மெல்லிய அமிலம். அதன் குமிழிகள் எச்சத்துக்குள் புகுந்து கொஞ்சம் இளக்கலாம், அவசரத்துக்கு வேறொன்றும் இல்லையென்றால் பாவிக்கலாம். பிறகு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

அப்பச்சோடா காரம். காரத் தண்ணீரில் யூரிக் அமிலம் கூடுதலாகக் கரையும், அதனால் அதற்கு நியாயம் இருக்கிறது. அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டு, துளிகூடத் தூளாக நிற்காமல் முழுதாகக் கரைத்துப் பாவியுங்கள். கரையாத தூள் பெயின்டைக் கீறும். ஆனால் இதெல்லாம் எச்சம் இருக்கும்போது செய்ய வேண்டியது. உங்களுடையதில் எச்சம் போய்விட்டது, அச்சுத்தான் மிச்சம். அதற்கு இனி எந்தக் கரைசலும் உதவாது. வினாகிரி, தேசிக்காய், மண்ணெண்ணெய் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்னொன்று, கார் சம்பந்தப்படாத விஷயம். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூள் பறக்கும். பறவை எச்சத்தில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சணங்கள் இருக்கலாம், புறா எச்சம் குவிந்த இடங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது. நனைத்த பிறகே தொடுங்கள், கையுறை போடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர், வயதானவர் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

தெஹிவளை_குமரன்:

முழு கட் அண்ட் பொலிஷ் வேண்டாம் என்று நானா சொன்னதை நான் கையெழுத்துப் போட்டு ஆமோதிப்பேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கறுப்புக் காரின் கூரையில் வௌவால் எச்சம். வீட்டுக்குப் பக்கத்தில் ஜம்பு மரம், காய்க்கும் காலத்தில் இரவெல்லாம் வௌவால். ஓர் இடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பூச்சின் தடிப்பை அளக்கவில்லை, எந்த கொம்பவுண்ட் (கரடான தேய்ப்புப் பசை) என்று சொல்லவில்லை. கம்பளிப் பேட் போட்ட ரோட்டரி மெஷினால் ஒரே அழுத்து. வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. நானும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து, கூரையின் ஓரம் மடியும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு கிளியர் இல்லை. அங்கே பெயின்ட் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. மடிப்பு ஓரங்களில் பூச்சு எப்போதும் மெல்லிசாகத்தான் இருக்கும், அங்கே மெஷினை வைக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கூரை முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கறுப்பு ஒத்துப்போனாலும், வாங்க வருகிறவர்கள் பூச்சின் தடிப்பை அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு "கூரை அடிபட்டதா, கார் பிரண்டதா" என்று கேட்கிறார்கள். ஒரு வௌவால் எச்சத்துக்கு நான் கொடுத்த விலை அது.

பஞ்சிகாவத்தை_நானா:

குமரன் தம்பி சொன்னது எங்கள் தொழிலுக்கே வெட்கம். ஆனால் நடக்கிறது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஃபக்டரியில் கிளியரை 140 பாகை செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். அப்போது தகடு மட்டும்தான் இருக்கும், சீட்டும் ரப்பரும் பிறகுதான் பூட்டுவார்கள். நாங்கள் முழு காரை வைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தில் 60 பாகைதான் கொடுக்க முடியும். பூத் இல்லாத இடத்தில் வெயில்தான் அடுப்பு. இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் டூ கே கிளியரில் எவ்வளவு நல்லதை அடித்தாலும், ஃபக்டரிப் பூச்சின் இறுக்கம் அதற்கு வராது. புதிதாக அடித்த பொனட்டில் எச்சம் விழுந்தால் இன்னும் சீக்கிரம் பதியும். அதனால் பதிந்த அடையாளத்தைப் போக்க பெயின்ட் அடிப்பது, எச்சத்துக்கு இன்னும் இளகிய இடத்தைக் கொடுப்பதுதான்.

அக்வா தம்பி, நகம் வழுக்குகிறது என்றால் நல்ல செய்தி. நீங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். முதலில் சூடு. ரீச்சர் சொன்னபடி சூட்டில் வந்த அச்சு என்றால், சூட்டிலேயே கொஞ்சம் மீளவும் செய்யும். ஹெயார் டிரையர் போதும், ஹீட் கன் உங்கள் கையில் வேண்டாம். காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, அடையாளத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாக அசைத்துக்கொண்டே இருங்கள். இடைக்கிடை கையை வைத்துப் பாருங்கள். கையை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பிறகு டோர்ச் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னொரு முறை. இரண்டு முறையிலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதோடு விடுங்கள். இதை பம்பரில் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் நெளியும்.

பிறகு மெல்லிய பொலிஷ், கொம்பவுண்ட் அல்ல. சின்ன ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல், மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். துடைத்துப் பாருங்கள். மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். எப்போதும் சின்ன அடையாளத்தில் தொடங்குங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகு பெரியதற்குப் போங்கள்.

வேகன்ஆர்_ரமேஷ்:

நானா, என்னுடையது வெள்ளை. மெல்லிய பொலிஷ் போட்டபோது துணியில் வெள்ளை நிறமே ஒட்டிக்கொண்டு வந்தது. கிளியர் போய்விட்டதா என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

பஞ்சிகாவத்தை_நானா:

பயப்பட வேண்டாம். பல ஜப்பான் வெள்ளைகளுக்கு, குறிப்பாக டொயோட்டாவின் 040 வெள்ளை போன்றவற்றுக்கு, மேலே கிளியரே கிடையாது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில். தேய்த்தால் நிறம் துணிக்கு வரத்தான் செய்யும். உங்களுடையதும் அப்படியானதாக இருக்கலாம், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் நிற இலக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வெள்ளையில் எச்சம் அச்சைவிடக் கறையாகத்தான் நிற்கும், அது மெல்லிய பொலிஷிலேயே போகும்.

வேகன்ஆர்_ரமேஷ்:

நன்றி நானா, பார்க்கிறேன். எனக்கு எச்சம் விழுவது பொனட்டில் அல்ல, கதவில். பக்கக் கண்ணாடிக்குக் கீழே வரிவரியாக. ஒரு வண்ணாத்திக் குருவி தினமும் காலையில் வந்து கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைக் கொத்திச் சண்டை பிடிக்கிறது. களைத்தால் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து எச்சமிடும். அது தன் எல்லையைக் காப்பதாக நினைக்கிறது, பாவம். பழைய காலுறை இரண்டை இரவில் கண்ணாடிகளுக்கு மாட்டிவிடுகிறேன். நான்காம் நாளே குருவி வருவதை நிறுத்திவிட்டது. கண்ணாடியை மடித்து வைக்கக்கூடியவர்கள் மடித்தாலும் போதும்.

கருநீல_அக்வா:

சனிக்கிழமை முழுதும் இதே வேலையாக இருந்தேன். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சின்ன அடையாளம் முதலில். அக்காவின் ஹெயார் டிரையர், வீட்டிலிருந்து இரண்டு வயரை இணைத்துக் கீழே இறக்கினேன். நான்கு நிமிடம் அசைத்து அசைத்துச் சூடேற்றினேன். ஆறிய பிறகு டோர்ச் பிடித்தால், வட்டத்தின் உட்பக்கம் இருந்த நெளிவு கிட்டத்தட்ட இல்லை! ஓரக்கோடு மட்டும் மெல்லிசாக. பொலிஷ் இரண்டு சுற்றில் அதுவும் போய்விட்டது. எங்கே இருந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இரண்டாவதில் சூடு அவ்வளவாக வேலை செய்யவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பொலிஷ் மூன்று சுற்றில் பெரும்பகுதி போய்விட்டது. மாலை வெயிலில், தெரிந்தவர் தேடினால் கண்டுபிடிக்கலாம்.

பெரியதுதான் பிரச்சினை. இரண்டு முறை சூடு, மூன்று சுற்று பொலிஷ். பாதி மங்கலாகியிருக்கிறது. ஓரம் இன்னும் நிற்கிறது. 2000 நம்பர் வோட்டர் பேப்பர் என்ற நுண்ணிய உப்புத்தாளை நனைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் சமமாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கை குறுகுறுக்கிறது. செய்யலாமா?

பஞ்சிகாவத்தை_நானா:

வேண்டாம் தம்பி. அந்தப் பேப்பரைக் கீழே வையுங்கள்.

2000 பேப்பரும் கிளியரைத் தேய்த்துத்தான் எடுக்கும். பிறகு அந்தப் பேப்பர் போட்ட கீறலை எடுக்க 3000, அதற்குப் பிறகு கொம்பவுண்ட், அதற்குப் பிறகு பொலிஷ். ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். எத்தனை மைக்ரோன் இருக்கிறது என்று அளக்காமல் இதைத் தொடங்குவது, ஆழம் தெரியாமல் காலை விடுவது. நானே செய்தாலும் மீற்றரால் அந்த இடத்தைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் அளந்து, விலைபோகும் கார் என்றால் சொந்தக்காரரை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்வேன்.

ஒரு நாளைக்கு பஞ்சிகாவத்தைக்கு வாருங்கள், அளந்து பார்ப்போம். கிளியர் போதுமான அளவு இருந்தால், சுழன்றுகொண்டே அசையும் டி.ஏ. மெஷினில் சின்ன பேட் போட்டு அந்த இடத்தை மட்டும் பார்க்கலாம். இல்லையென்றால் அப்படியே விடுவோம்.

பேரவாவி_சாரதி:

இனி வராமல் இருக்க என்ன செய்வது என்பதையும் பேசுங்கள். செரமிக் கோட்டிங் போட்டால் எச்சம் ஒன்றுமே செய்யாது என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையா?

தெஹிவளை_குமரன்:

கூரைக்குப் பெயின்ட் அடித்த பிறகு நான் செரமிக் போட்டேன். தண்ணீர் முத்து முத்தாக உருளும், கழுவுவது சுலபம், எச்சமும் இலகுவாக விடும். ஆனால் பொங்கலன்று காலையில் விழுந்ததைப் பின்னேரம்தான் பார்த்தேன், அச்சு விழுந்துவிட்டது. கோட்டிங் ஓரிரு மைக்ரோன்தான். அதற்குக் கீழே இருக்கும் கிளியர் சூட்டில் இளகுவதை அது எப்படித் தடுக்கும்? அது உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். நல்ல வெக்ஸும் அதையே செய்கிறது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

உண்மையில் தாங்கக்கூடியது பீ.பீ.எஃப். என்ற தடித்த ஒட்டுப்படலம். அது 150, 200 மைக்ரோன் இருக்கும். எச்சம் அதைக் கெடுத்தாலும் கீழே பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. விலை அதிகம். பொனட்டுக்கு மட்டும் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கெமிஸ்ட்ரி_ரீச்சர்:

கார் உறை பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் யோசித்துப் போடுங்கள். காற்றில் உறை ஆடும்போது அடியில் இருக்கும் தூசியும் உப்பும் பெயின்டில் உராயும். கழுவாத காருக்கு உறை போடாதீர்கள். மழைக்காலத்தில் உறைக்குள் ஈரம் தங்கும். பல நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால், கழுவி, உலர்த்தி, உறையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவது நல்லது. தினசரிப் பாவனைக்கு அது தேவையில்லை.

பி.கு.: யாழ்ப்பாணம் போய்வந்த காரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நின்றால் அதை எச்சம் என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் நிலத்தின் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த கறை. அதற்கு வைத்தியம் வேறு.

கருநீல_அக்வா:

தடுப்பது என்றதும் ஒரு விஷயம் கேட்க வேண்டும், கொஞ்சம் சங்கடமானது. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடி அன்ரி தினமும் பகல் சமைத்ததும் பல்கனிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைப்பா. அங்கிள் காலமாகி இரண்டு வருடம். அந்தச் சோறு யாருக்கு என்று எனக்குத் தெரியும். அந்தப் பல்கனிக்கு நேர் கீழேதான் எங்கள் தரிப்பிடம். காகங்கள் சோற்றைத் தின்றுவிட்டு வேப்பமரத்தில் வந்து உட்காருகின்றன. இதை எப்படிச் சொல்வது? அப்பா சொல்லவே கூடாது என்கிறார்.

வெள்ளவத்தை_சாந்தி:

தம்பி, நானும் காகத்துக்கு வைக்கிறவள்தான். என் அம்மாவுக்காக. அதனால் நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

காரைப் பற்றி முதலில் பேசாதீர்கள். "காருக்கு அழுக்காகிறது, சோறு வைக்காதீர்கள்" என்று சொன்னால் அந்த மனுஷிக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். எங்கள் தொடர்மாடியில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். காகங்கள் தின்றுவிட்டு அங்கேயே தாங்கியின் விளிம்பில் உட்காரும், பிறகு கடல் பக்கம் பறந்துவிடும். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து மேலே தினமும் ஏறுவது அவவுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அதற்கு நீங்களோ அக்காவோ கொஞ்ச நாள் தட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓர் அமாவாசை நாளில் போய்க் கேளுங்கள், அன்றைக்கு அவ சந்தோஷமாகக் கேட்பா.

கருநீல_அக்வா:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

கருநீல_அக்வா:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நானாவிடம் போனேன். பொனட்டில் பத்து இடத்தில் அளந்தார். நடுப்பகுதி 104, 107. அந்தப் பெரிய அடையாளம் இருக்கும் இடம் 92. எனக்கு முன்னால் யாரோ எப்போதோ அங்கே பொலிஷ் போட்டிருக்க வேண்டும் என்றார். அப்பாவிடம் கேட்டேன், வாங்கிய புதிதில் ஒரு கீறலுக்காகச் செய்தாராம். அந்த இடத்தில் நான் வோட்டர் பேப்பர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நானா டி.ஏ. மெஷினில் மெல்லிய பொலிஷ் ஒரே சுற்றுப் போட்டு, வெக்ஸ் வைத்து, "இதோடு போதும்" என்றார். காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன். அடையாளம் இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரியும், பார்க்கிற வேறு யாருக்கும் தெரியாது.

கதவுப் பையில் இப்போது ஸ்பிரே போத்தலும் டிஷ்யூவும் இருக்கின்றன. இதுவரை நான்கு முறை பாவித்துவிட்டேன், நான்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் எடுத்தவை. ஒன்றிலும் அச்சு இல்லை.

அமாவாசையன்று அக்காவும் நானும் அன்ரி வீட்டுக்குப் போனோம். மொட்டை மாடி பற்றி அக்காதான் பேசினா. அன்ரி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அங்கிளுக்கு மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்ப்பது பிடிக்கும் என்று சொன்னா. அன்றைக்கே தட்டோடு மேலே வந்தா. வார நாளில் அக்காவும், சனி ஞாயிறு நானும் கொண்டுபோய் வைக்கிறோம்.

வேப்பமரத்தில் காகம் முற்றாக நின்றுவிடவில்லை. நேற்றும் ஒன்று விழுந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே மூன்றாம் மாடியிலிருந்து சத்தம் கேட்டது: "தம்பி, பொனட்டில போட்டிட்டுது, போத்தலை எடுத்துக்கொண்டு ஓடியா!"